முழங்காலுக்கு ஒரு புல்

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் கிளிநொச்சிப் பக்கத்தில் விவசாயப் போதனாசிரியராக இருந்தேன். வயலில் புல்லைப் பிடுங்குங்கள் என்று ஊர் ஊராகச் சைக்கிளில் போய்ச் சொல்வதுதான் என் வேலை. அப்படிப்பட்டவனையே புல் வளர்க்க வைத்தது என் மனைவியின் வலைப்பந்து.

அவள் குடியேற்றத் திட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. மாரியில் சேறாகும் மைதானத்தை மேடாக்க, யாழ்ப்பாணத்திலிருந்து லொறி லொறியாகச் சுண்ணாம்புக்கல் நொருக்கு கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள். சேறு போனது, பிள்ளைகளின் முழங்கால்களும் போயின. ஒரு தாய் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“ரீச்சர், நாளைக்குக் கலியாணம் பேசி வாற ஆக்களுக்கு இந்தத் தழும்பையோ காட்டுறது? இனி இவள் பந்தடிக்க வரமாட்டாள்.”

மற்றத் தாய்மாரும் அதையே சொல்லத் தொடங்கினார்கள். அடுத்த வருடத்துக்குள் புல் பிடிக்காவிட்டால் வலைப்பந்துக் கம்பங்களைக் கழற்றிவிடப் போவதாகத் தலைமை ஆசிரியர் சொன்னார். அன்று மனைவி சாப்பிடவில்லை. எனக்கு அது தாங்கவில்லை.

மைதானத்தில் நட்ட புல்லெல்லாம் வெளிறிப்போனது. சுண்ணாம்பு மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் புல்லால் அதை எடுக்க முடியாது. அன்னபேதி என்ற இரும்பு உப்பைக் கரைத்துத் தெளித்தால் பச்சை பிடிக்கும். தெளிப்பதை விட்டால், பழைய குருடி கதவைத் திறடிதான். மருந்தில் உயிர் வாழும் புல் மைதானத்துக்கு உதவாது. ஆகவே மல்லாவி, புதுக்குடியிருப்பு, பூவரசங்குளம் என்று போன இடமெல்லாம் அறுகம்புல் பிடுங்கி வந்து, மைதானத்து மண் நிரப்பிய மண்ணெண்ணெய்த் தகரங்களில் நட்டு, வீட்டு வளவில் வரிசையாக வைத்தேன். எந்த ஊர்ப் புல் தாக்குப்பிடிக்கும் என்று பார்க்க வேண்டும். மாதக்கணக்காகப் பார்த்தும் எல்லாம் ஒரே மாதிரி அரைகுறைப் பச்சையாகவே நின்றன.

ஆவணிச் சதுர்த்தியன்று வயலிலிருந்து வந்து பார்த்தால் தகரங்கள் எல்லாம் மொட்டை.

“ஆர் இதைப் பிடுங்கினது?”

“நான்தான் ஆய்ஞ்சனான். பிள்ளையாருக்கு அறுகம்புல்லு வேணுமெல்லே? வெளியிலை எல்லாம் காய்ஞ்சு கிடக்கு.”

“உம்முடைய மைதானத்துக்காகத்தானே நான் வளர்த்தனான்!”

“நானும் அதுக்காக நேர்ந்துதானே சாத்தினனான்.”

கோபத்தில் தகரங்களை வேலிக்கு அப்பால் எறியப் போனேன். நல்ல நாளில் வேண்டாம் என்று தடுத்து, அவளே தண்ணீரும் ஊற்றினாள்.

அடுத்த கிழமை துளிர் வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரும்புக் குறைவு இளங்குருத்தில்தான் முதலில் தெரியும். நான் வெட்டாமல் வளர்த்த புல்லில் பழைய இலைகள் அதை மறைத்திருந்தன. மைதானப் புல்லுக்கோ வெட்டும் மிதியும்தானே வாழ்க்கை! இப்போது தகரத்துக்குத் தகரம் குருத்துகள் கஞ்சி நிறத்தில் நின்றன. பூவரசங்குளத்துக் குளக்கட்டில் பிடுங்கிய புல் மட்டும் நல்ல கரும்பச்சை. மறுபடி வெட்டிப் பார்த்தேன். மறுபடியும் பச்சை. சின்னப் பிள்ளைபோலச் சத்தம் போட்டு அவளைக் கூப்பிட்டேன்.

“பாத்தியளே?” என்றாள். அவளுக்கும் பிள்ளையாருக்கும் நடுவில் எனக்குப் பங்கு கிடைக்கவில்லை.

மாரி மழையோடு மாணவிகளே புல்லை நட்டார்கள். மாசியில் முதல் ஆட்டம். அந்தத் தாயும் மகளை ஆட விட்டார். ஆனால் கோட்டுக்கு வெளியே காவல் நின்றார். பந்துக்குப் பாய்ந்த மகள் குப்புற விழுந்தாள். மனைவி என் கையை இறுகப் பிடித்தாள்.

பிள்ளை எழும்பினாள். முழங்காலில் ஒரு கீறலும் இல்லை. வெள்ளைச் சட்டை முழுக்கப் பச்சை.

“ஐயோ ரீச்சர், இந்தக் கறையை ஆர் தோய்க்கிறது?” என்று தாய் கத்தினார். பிறகு மகள் பக்கம் திரும்பினார்.

“என்னடி பாத்துக்கொண்டு நிக்கிறாய்? பந்தைப் பிடி!”