பிளேடால் பெரிதாக்கிய காஜா

அண்ணனின் காக்கிச் சட்டை ஒன்று இன்னும் எங்கள் வீட்டு அலமாரியில் தொங்குகிறது. அதன் காஜாக்கள், அதாவது பொத்தான் நுழையும் துளைகள், பிளேடால் கீறிப் பெரிதாக்கப்பட்டவை. கீறியவர் அவர் மனைவி, என் மதினி. துவைத்துத் துவைத்துத் துளை சுருங்கிவிட்டதாக அண்ணன் சலித்துக்கொண்டபோது எல்லோரும் நம்பினோம். அப்போது அவருக்குக் கழுத்துவலியும் இருந்தது. சீவலப்பேரிக்கும் திருநெல்வேலிக்கும் இடையே தனியார் டவுன் பஸ் ஓட்டுபவருக்குக் கழுத்து வலிப்பது இயல்புதானே என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தோம்.

முடிவெட்டும் கடையில் நெட்டி முறித்துக்கொள்ளப் புறப்பட்டவரை வற்புறுத்திப் பாளையங்கோட்டையில் ஒரு பிசியோதெரபி நிலையத்துக்கு அழைத்துப்போனேன். மதினியும் வந்தார். அங்கிருந்த பிசியோதெரபிஸ்ட் என் வயதுப் பெண்.

"ஒரு திருப்பு திருப்பி நெட்டி எடுத்து விட்ருங்கம்மா. மத்தியான டிரிப்புக்குப் போணும்" என்றார் அண்ணன்.

அந்தப் பெண் கழுத்தைத் தொடவேயில்லை. அடிபட்டதா, காய்ச்சல் உண்டா, உடல் மெலிந்ததா, தலை சுற்றுகிறதா, சிறுநீர் போவதில் மாற்றம் உண்டா என்று நிதானமாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றே பதில் வந்தது. பிறகு சட்டைப் பொத்தான்களைக் கழற்றி மறுபடி போடச் சொன்னார்.

"கழுத்துக்கு வந்தா சட்டையப் பாக்குதீங்க. நீங்க டெய்லரா?" அண்ணன் சிரித்தார்.

"அதுக்கு நான் இருக்கேன். காஜாவ எவ்வளவு பெருசாக்கிக் குடுத்தாலும் தடவிக்கிட்டேதான் நிக்காவ" என்றார் மதினி.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "எப்பருந்து இப்படி?" என்றார்.

"பொங்கலுக்கு முந்தியே" என்றார் மதினி.

அடுத்து, ஒரு பாதத்தின் விரலை ஒட்டி மறு பாதத்தின் குதிகாலை வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லி, கையை நீட்டியபடி அவரும் கூடவே நடந்தார். சில அடிகளிலேயே அண்ணன் சாய்ந்தார். அந்தக் கை தாங்கிக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே சிறு சுத்தியலால் தட்டியபோது கால் அளவுக்கு மீறித் துள்ளியது. அதன்பின் யாரும் சிரிக்கவில்லை.

"அண்ணாச்சி, கழுத்தெலும்புக்குள்ள போற தண்டுவடம் நசுங்குதோன்னு சந்தேகமா இருக்கு. அதான் விரலும் காலும் சொன்னபடி கேக்கல. ஸ்கேன் பாத்தாத்தான் தெரியும். அதுவரைக்கும் யாரும் நெட்டி எடுக்கக் கூடாது, நானும் எடுக்க மாட்டேன். இப்பவே பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. பஸ்ஸ எடுக்காதீங்க."

"வேற ஆளப் போட்ருவாங்கம்மா."

"பிரேக்கு மேல கால் இருக்கது உங்களுக்குத் தெரியுதா?"

அண்ணன் தரையைப் பார்த்தார். "சில நேரம் குனிஞ்சு பாத்துக்கிடுவேன்" என்றார்.

அன்று காலை பள்ளிப் பிள்ளைகளோடு நெருக்கியடித்து அண்ணன் ஓட்டிய பஸ்ஸில்தான் நான் நின்றுகொண்டு வந்திருந்தேன்.

ஸ்கேன் அந்தச் சந்தேகத்தை உறுதிசெய்தது. அறுவை சிகிச்சை இனி மோசமாகாமல் காக்கும், இழந்தது முழுவதும் திரும்புமா என்று சொல்ல முடியாது என்றார் மருத்துவர். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அண்ணன் நடக்கிறார், பஸ் ஓட்டுவதில்லை. முடிவெட்டும் கடையில் ஒரு திருப்பு நடந்திருந்தால், அல்லது மத்தியான டிரிப்பில் குனிந்து பார்க்க நேரமில்லாமல் போயிருந்தால் என்ற எண்ணம் மட்டும் எனக்கு இன்றும் ஓய்வதில்லை.

இப்போதெல்லாம் மதினி காஜாவைக் கீறுவதில்லை. காலையில் அண்ணன் சட்டை போடும்போது நாங்கள் வேறு வேலையாக இருப்பதுபோல நின்று அவர் விரல்களையே பார்க்கிறோம். கடைசிப் பொத்தான் நுழையும்வரை வீட்டில் யாரும் பேசுவதில்லை.