வடிகாலில் நின்ற வாழை

கண்ணுகளா, தீபாவளி லீவுக்கு வந்திருந்தபோது நீங்கள் இரண்டு பேரும் தட்டைப் பார்த்து முகம் சுளித்தீர்களே, நினைவிருக்கிறதா? காலையில் வாழைக்காய் பஜ்ஜி, மதியம் வாழைக்காய்ப் பொரியல், ராத்திரி வாழைக்காய்க் குழம்பு. "அப்பா, நம்ம வீட்டுல வேற காயே இல்லையா?" என்று பெரியவள் கேட்டாள். "சாப்பிடுங்க, அப்புறம் சொல்றேன்" என்றேன். சொல்லாமலே உங்களைக் கே.கே. நகர் சித்தி வீட்டுக்கு பஸ் ஏற்றிவிட்டேன். வேலை கொஞ்சம் ஓய்ந்து இப்போதுதான் எழுத உட்கார்ந்தேன். அந்தக் காய் நம் வயலில் விளைந்ததில்லை. பக்கத்து வயல் அத்தை தன் கையால் வெட்டிச் சாய்த்த மரத்துக் காய்.

ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே இருக்கிற நம் பக்கத்து வயல்களில் நம்முடையதுதான் தாழ்வு. அத்தையின் வயல் மேடு. நம் வயலில் மிஞ்சுகிற தண்ணீர் அத்தையின் வயல் ஓரமாக ஆழமாக வெட்டிய ஒரு வடிகாலில் போய்ப் பெரிய வாய்க்காலில் விழ வேண்டும். வேறு வழி கிடையாது.

நடுவில் சில வருடங்கள் மழை தொடர்ந்து ஏமாற்றியது. காவிரியில் மணலைத்தான் பார்த்தோம். இனிமேல் காலம் இப்படித்தான், நாம்தான் மாறிக்கொள்ள வேண்டும் என்று டீக்கடையில் பேசினோம். மாறவும் செய்தோம். சொட்டுநீர்க் குழாய் போட்டோம். காய்ந்த இலையைக் கொளுத்தாமல் மரத்தடியிலேயே பரப்பி ஈரத்தைக் காப்பாற்றினோம். முன்பெல்லாம் ஆடிக் காற்றை நினைத்து வாழைக்கு முட்டுக்கம்பு கொடுப்போம். இப்போது எந்த மாதம் காற்று வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. தார் தள்ளியதுமே கம்பு கொடுத்துவிடுகிறோம்.

எல்லாம் சரிதான். கூடவே ஒன்று செய்தோம். தண்ணீரே ஓடாத வடிகால் எதற்கு என்று அதை மண் போட்டு மூடி, மேலே ஒரு வரிசை வாழை வைத்தோம். நம் பக்கம் நானும் வைத்தேன், தன் பக்கம் அத்தையும் வைத்தார். பல வருட வண்டல் படிந்த இடம். வயலில் அந்த வரிசைதான் முதலில் தார் போட்டது. பார்க்கிறவர் கண் படும் என்று அத்தை ஒரு கிழிந்த சேலையைக்கூடக் கட்டிவைத்தார். மழை குறையும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மொத்தமாகச் சேர்த்துவைத்து ஒரே நேரத்தில் கொட்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

தீபாவளிக்குச் சில நாள் முன்னால் அப்படித்தான் கொட்டியது. விடிந்ததும் போய்ப் பார்த்தேன். நம் வயலில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். வாழைக்கு ஈரம் வேண்டும், ஆனால் நிற்கிற தண்ணீர் ஆகாது. அப்படியே விட்டால் வேர் அழுகும். தார் சுமக்கிற மரம் சின்னக் காற்றுக்கே சாய்ந்துவிடும். பொங்கலுக்கு வெட்ட வேண்டிய தார்கள் அவை. இந்த வருடம் நமக்கு இருந்த விளைச்சல் அது மட்டும்தான். வடிகாலில் நாம் வைத்த வரிசையை அம்மாவும் நானும் யோசிக்காமல் வெட்டினோம். மண்ணையும் தோண்டினோம். அத்தையின் வரப்பு வந்தது. நின்றுவிட்டேன்.

அந்தப் பக்கம் சொட்டுத் தண்ணீர்கூடத் தேங்கவில்லை. அந்த வரிசையை வெட்டினால் அவருக்கு நஷ்டமே தவிர லாபம் எதுவும் இல்லை. எப்படிக் கேட்பது? மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றேன். அம்மா என்னைப் பார்த்தாள், நான் தண்ணீரைப் பார்த்தேன்.

அத்தை கையில் அரிவாளோடு வந்தார்.

"என்ன தம்பி, மீன் புடிக்கவா நிக்கிறீங்க?"

"இல்லக்கா. தண்ணி எந்தப் பக்கம் போகும்னு பாக்குறேன்."

"எந்தப் பக்கம் போகும்? என் பக்கந்தான் போகும். அதக் கேக்க வாய் வரல உங்களுக்கு."

"தாரெல்லாம் பாதி முத்திருச்சேக்கா. எப்படிக் கேக்குறது?"

"எனக்குத் தெரியாதா, நாந்தானே வளத்தேன்" என்றவர் முதல் மரத்தின் அருகே போனார். மரத்தில் கட்டியிருந்த கிழிந்த சேலையை அவிழ்த்து இடுப்பில் செருகிக்கொண்டார். தாரின் கீழே ஒரு கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு வெட்டினார். அந்த வரிசை முழுக்க அப்படித்தான், ஒரு தாரையும் மண்ணில் விழவிடவில்லை.

"வீட்டுக்காரர் கேட்டா என்னக்கா சொல்லுவீங்க?" என்று அம்மா கேட்டாள். அவர் கணவர் மன்னார்புரத்தில் ஒரு ஒர்க் ஷாப்பில் வேலை பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமைதான் வயலுக்கு வருவார்.

"காத்துல சாஞ்சிருச்சும்பேன்."

"வரிசையா சாஞ்சுதான்னு கேப்பாரே."

"ஆமாங்க, அரிவாளோட வந்த காத்துன்னு சொல்றேன்" என்று சிரித்தார். அடுத்த மரத்துக்குப் போகும்போது முகத்தில் சிரிப்பு இல்லை. அதை நான் பார்த்தேன்.

மூன்று பேரும் மதியம் வரை மண் தோண்டினோம். பெரிய வாய்க்காலைத் தொட்டதும் நம் வயலில் மிதந்த ஒரு சருகு மெல்ல நகர்ந்தது. பிறகு வேகமெடுத்தது. அம்மா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ரொம்ப நன்றிக்கா" என்றேன்.

"அதெல்லாம் இருக்கட்டும். இந்தக் காயெல்லாம் தூக்கிட்டுப் போங்க. என் வீட்டுல கெடந்தா அவரு தினம் பாத்துப் பாத்துப் புலம்புவாரு. அப்புறம் ஒண்ணு தம்பி, இனிமே இந்த வடிகால்ல நீங்களும் வாழை வைக்காதீங்க, நானும் வைக்கல. தண்ணி இல்லாதப்ப கீர வெதச்சுக்கலாம். வெள்ளம் வந்து அது போனாலும் போகட்டும்."

அந்தக் காய்தான் நீங்கள் சாப்பிட்டது. முத்தாத காயை வியாபாரி எடுக்கமாட்டார். எறியவும் எங்களுக்கு மனசு வரவில்லை.

நம் வாழை பிழைத்துக்கொண்டது. ஓரத்தில் சில மரங்கள் சாய்ந்தன, மற்றது நிற்கிறது. கீரை, குழாய், சருகு என்று நாங்கள் என்னென்னவோ செய்து பார்க்கிறோம். அடுத்து வானம் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. மேட்டு வயல்காரர் நமக்காக அரிவாள் எடுத்தார் என்பது தெரியும். அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது. நாளைக்கு நீங்கள் மேட்டில் இருந்தால் கீழே இருப்பவரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கார்த்திகையில் ஒரு நாள் வடிகாலைப் பார்க்கப் போனேன். அன்றைக்கு அவசரத்தில் ஓரமாக மட்டும் தோண்டியதால், அத்தை வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகள் அங்கேயே இருந்தன. பக்கத்தில் ஈட்டி மாதிரி கன்றுகள் கிளம்பியிருந்தன. விட்டால் மறுபடியும் வடிகால் அடைபடும். பிடுங்க அவருக்கு மனசு வந்திருக்காது. அங்கே யாரும் இல்லை. கடப்பாறையால் ஒவ்வொரு கட்டையாகத் தோண்டி எடுத்தேன். கன்றுகளைக் காயம் படாமல் பிரித்து, வேறு இடத்தில் நடுவதற்குத் தோதாக வேரைச் சீவி, அத்தையின் மோட்டார் கொட்டகை நிழலில் அடுக்கினேன். வாய்க்காலில் ஒரு சாக்கை நனைத்துக் கொண்டுவந்து அவற்றின்மேல் போர்த்தினேன்.