பாண்டவர் வூட்டில் கிடந்த கால்

எழுத்து எனக்கு அவ்வளவாக வராது. அஞ்சாவதோடு நின்றவள். முன்னே பின்னே எழுதிவிடுவேன், பாதி மறந்தும் போச்சு. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எண்பதுக்குப் பிறகு மூன்று நாலு வருடம் போயிருக்கும். வத்தல்மலை அடிவாரத்தில் எங்கள் ஊர். ஊருக்கு மேற்கே மேட்டுக்காட்டில், வட்டமாகக் கல் நட்டு நடுவில் பலகைக்கல் மூடிய குழிகள் உண்டு. அந்தக் காலத்து ஆட்களைப் புதைத்த இடம். நாங்கள் பாண்டவர் வூடு என்போம். அதைத் தோண்டிப் பார்க்க வெளியூர்க் காலேஜ் ஆட்கள் வந்து கூடாரம் போட்டார்கள். அம்மா அங்கே மண் கூடை சுமக்கப் போனாள். வந்தவர்களில் ஒரு பெண்மணி எலும்பை மட்டும்தான் பார்ப்பார். ஊரில் அவருக்கு எலும்பம்மா என்று பேர் வைத்துவிட்டார்கள். அவரும் அப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்.

தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் வயிற்றில் இருக்கும்போது பெரிய சூரிய கிரகணம் வந்தது. ஊரே கதவடைத்துக் கிடக்க, வெளியே கத்திக்கொண்டிருந்த ஆட்டுக்குட்டியை அவிழ்க்க அம்மா வாசலுக்கு வந்துவிட்டாளாம். அப்பாவின் அக்கா எங்களோடுதான் இருந்தாள். சூரியன் அந்தப் பிள்ளையைப் பார்த்துவிட்டது, இனி அதன் கண்ணில் படவே கூடாது என்று அந்த அத்தை சொல்லிவிட்டாள். அதனால் பிறந்ததிலிருந்து தம்பி ஜன்னல் இல்லாத உள் அறையிலேயே வளர்ந்தான். நடக்க ஆரம்பித்ததும் கால் இரண்டும் வில் மாதிரி வெளியே வளைந்தன. அத்தைக்குச் சாட்சி கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. யார் வந்தாலும், "ஆட்டுக்குட்டிய காப்பாத்திட்டு புள்ளைய முடமாக்குன மகராசி இவதான்" என்று அம்மாவைக் காட்டுவாள். அம்மா, வெளிச்சம் வருகிறது என்று கதவு இடுக்கில் கோணியைச் சொருகுவாள். அந்த விஷயத்தில் அத்தையை விட அம்மாதான் கண்டிப்பு.

அன்றைக்கு அத்தை பாப்பாரப்பட்டி சந்தைக்குப் போயிருந்தாள். அம்மா வேண்டும் என்று தம்பி அழுது மூச்சு முட்டினான். போர்வையைத் தலையோடு சுற்றி, இடுப்பில் தூக்கிக்கொண்டு மேட்டுக்காட்டுக்குப் போனேன்.

அங்கே வேலைச் சத்தமே இல்லை. குழியைச் சுற்றி எல்லாரும் நின்றிருந்தார்கள். உள்ளே எலும்பம்மா மண்டியிட்டு, சின்ன பிரஷ்ஷால் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தார். ஒரு குழந்தை கிடந்தது. தலை, விலா, அப்புறம் கால். அந்தக் கால் இரண்டும் வெளியே வளைந்திருந்தன. தம்பி போர்வையை விலக்கி எட்டிப் பார்த்தான்.

"அக்கா, என் காலு" என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. மண் வெட்டுகிறவர் ஒருவர் செருப்பைக்கூட மாட்டாமல் மேட்டை விட்டு இறங்கிப் போய்விட்டார். அம்மா ஓடி வந்து தம்பியைப் பிடுங்கி முந்தானைக்குள் மூடினாள். எலும்பம்மாவைக் கேட்டாள்.

"ஏங்கம்மா, இந்தப் புள்ளையோட ஆத்தாளும் கெரகணத்துல வெளிய வந்துட்டாளுங்களா?"

எலும்பம்மா ஏறி வந்தார். தம்பியின் முழங்காலைத் தொட்டுப் பார்த்தார்.

"கிரகணத்தால இப்படி ஆகாதும்மா. எலும்பு கெட்டிப்பட ஒரு சத்து வேணும். வெயில் பட்டாதான் அது உடம்புல ஊறும். இந்தக் குழந்தை வெளியவே வராம கிடந்திருக்கும்னு தோணுது. உங்க பையன் வெயில்ல விளையாடுவான் இல்ல?"

அம்மா அடி வாங்கினவள் மாதிரி மண்ணில் உட்கார்ந்தாள். சின்ன வயசுதான், தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனால் கால் நேராக வழி உண்டு என்று எலும்பம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். அது அம்மா காதில் ஏறியதா தெரியவில்லை. போர்வையை உருவி எறிந்தாள். சட்டையையும் கழற்றினாள். நடு மத்தியான வெயிலில் அவனை மடியில் போட்டுக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதாள். நிழலுக்குக் கூப்பிட்டார்கள், வரவில்லை. தம்பி கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரித்தான்.

எனக்கோ ஒரே சந்தோஷம். அம்மா மேல் தப்பில்லை என்று படித்தவரே சொல்லிவிட்டார், அத்தை வரட்டும், முகத்துக்கு நேராகச் சொல்லுகிறேன் என்று மனதுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழி போன அன்றைக்குப் போய் இவள் ஏன் இப்படி அழுகிறாள் என்று எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

கிரகணம் எந்த வருடம், அந்தச் சத்துக்கு என்ன பேர் என்பதைத் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திவிடுங்கள். அம்மா அழுதது மட்டும் நான் எழுதினபடிதான்.