சிப்பாயின் கைக்குக் கட்டுப் போட்டவள்

அட்ராக்டா கில்பிரைட்டின் கடை எல்லைக்கு வடக்கே, கூப்பிடு தூரத்தில் இருந்தது. வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் தெற்கிலிருந்து போகும் நாங்கள்தான். மண்ணெண்ணெய், ரொட்டி, கோழித்தீவனம், கூடவே ஊர்வம்பு. எல்லை என்று ஒன்று இருப்பதே வெண்ணெய் கடத்தும்போதுதான் ஞாபகம் வரும்.

எழுபத்தொன்றில் வடக்கை ஆண்டவர்களின் பட்டாளம் வந்து, யாரும் எல்லை தாண்டக் கூடாதென்று சாலைக்கு வெடி வைத்தது. லாரியே இறங்கும் பள்ளம். ஞாயிறு பூசை முடிந்ததும் நாங்கள் போய் மண் போட்டு நிரப்புவோம். வியாழனுக்குள் மறுபடி வெடி வைப்பார்கள். அட்ராக்டா எங்களுக்குத் தேநீர் கொண்டுவருவாள்.

"ஏண்டா டர்லக், மண்ணு அள்ளுறியா, மண்வெட்டிக்கு முட்டுக் குடுக்கறியா?" என்று, தெற்கில் எங்களோடு இருந்த தன் தம்பியைச் சீண்டுவாள்.

"உன் டீயைக் குடிச்சா இவ்வளவுதாங்க்கா தெம்பு வரும்!"

நவம்பரில் ஒரு சிப்பாய் முள்கம்பியில் கையைக் கிழித்துக்கொண்டு கடைக்குள் வந்தான். இருபது வயதுகூட இருக்காது. அவள் காயத்தைக் கழுவி, துணியால் கட்டிவிட்டாள். ரொட்டி வாங்க வந்த இரண்டு பேர் பார்த்தார்கள். அது போதாதா?

மறுநாளே டர்லக் போய் நின்றான்.

"அவனுக்கு எதுக்குக்கா கட்டுப் போட்ட?"

"ரத்தம் ஊத்துச்சுடா. பாத்துட்டு நிக்கச் சொல்றியா?"

"ஊருல என்னை என்னன்னு கூப்பிடுறாங்க, தெரியுமா?"

"என்னன்னு?"

அவன் திரும்பி நடந்தான். அதன்பின் அங்கே போகவே இல்லை.

அடுத்த முறை சிப்பாய்கள் வந்தபோது, "உங்களுக்கு இங்க ஒண்ணும் கிடையாது" என்று கதவைச் சாத்தினாள். அவர்கள் சோதனை என்று மாவு மூட்டைகளைக் கிழித்துச் சாலையில் கொட்டினார்கள். அதைப் பார்த்தும் எங்கள் மனம் இறங்கவில்லை. கடைக்குப் போகாதே என்று யாரும் உத்தரவு போடவில்லை. அடுத்தவன் என்ன சொல்வானோ என்ற பயம்தான். நானும் மண்ணெண்ணெய்க்கு நான்கு மைல் கூடுதலாக நடந்தேன். வசந்தத்தில் கடையை மூடிவிட்டாள்.

எழுபத்தெட்டில் டிராக்டர் கவிழ்ந்து டர்லக் செத்தான். எங்கள் கோயில் மணி அவள் வீட்டுக்குக் கேட்கும். ஆனால் அதற்குள் சாலையை ஒரேயடியாக அடைத்துவிட்டதால், சுற்றுவழியில் பதினெட்டு மைல். சோதனைச் சாவடியில் அவள் பையைக் கொட்டிப் பார்த்து, ஒன்றரை மணி நேரம் நிறுத்தி வைத்தார்களாம். அவள் வந்தபோது நாங்கள் கல்லறை மண்ணைச் சமன்படுத்திக்கொண்டிருந்தோம். எல்லோரும் விலகி வழிவிட்டோம். ஒருவரும் அவள் கையைப் பிடிக்கவில்லை.

"முகத்தைப் பாக்க முடியாதா?" என்று கேட்டாள்.

"முடிஞ்சு போச்சும்மா" என்றேன். ஏழு வருடத்தில் நான் அவளிடம் பேசியது அவ்வளவுதான்.

அதன்பின் பதினோரு வருடம் தனியாகவே இருந்து செத்தாள். தொண்ணூறுகளில் சாலையைத் திறந்தார்கள். அதற்குள் அவள் வீட்டுக் கூரை உள்ளே விழுந்திருந்தது.