ஆயில் குச்சியில் ஒரு சிவப்புக் கோடு

ஓசூர் பாகலூர் சாலையில் என் பழைய காரைப் பார்த்துவந்த மெக்கானிக்கின் மூக்குக்கண்ணாடியில், உடைந்துபோன ஒரு காலுக்குப் பதிலாகக் கிளட்ச் ஒயர் இருக்கும். எந்த வண்டி வந்தாலும் முதலில் சைலன்சர் வாய்க்குள் விரலை விட்டுத் தடவி முகர்ந்து பார்ப்பார்.

என் காரில் ஆயில் குறைந்துகொண்டே வந்தது. தரையில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. வேலைக்கு விடும்போதெல்லாம் இவர்தான் எடுத்துக்கொள்கிறார் என்று முடிவு கட்டினேன். ஒருநாள் பிரேக் வேலைக்கு விடுமுன், எஞ்சினில் ஆயில் அளவு பார்க்கும் குச்சியில், மனைவியின் நகப்பூச்சால் அன்றைய அளவுக்கு ஒரு சிவப்புக் கோடு போட்டேன்.

மாலையில் போனபோது அந்தக் குச்சி அவர் கையில் இருந்தது. ஆயில் அதே கோட்டில் நின்றது.

“இது நீங்க வச்ச குறியா சார்?”

“எவ்ளோ குறையுதுன்னு பாக்கறதுக்கு” என்று பொய் சொன்னேன்.

அவர் முகம் மலர்ந்தது. “ஆயில் குறையுதுன்னு எல்லாரும் சொல்றாங்க. ஒருத்தரும் இப்படி அளந்து பாக்கறதில்ல சார்.”

மறுநாள் காலை, இரவு முழுக்க அங்கேயே நின்று ஆறிக் கிடந்த எஞ்சினை என் முன்னாலேயே ஸ்டார்ட் செய்தார். குப்பென்று நீலப்புகை வந்தது.

“வால்வு சீல் போயிடுச்சு. ஆயில் உள்ள இறங்கி எரியுது. வண்டிதான் சார் குடிக்குது.”

அடுத்த மாதம் போனேன். ஜவளகிரி விவசாயி ஒருவரின் ஜீப்பருகே, ஒரு கையில் ஆயில் குச்சியும் மறு கையில் நகப்பூச்சுப் புட்டியுமாக மெக்கானிக் நின்றிருந்தார். என்னைக் காட்டி அவரிடம் கன்னடத்தில் ஏதோ சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“இது நீங்க சொல்லிக் கொடுத்ததுன்னு சொன்னேன் சார்.”

விவசாயி என்னைக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.