இரண்டு பேருக்கான ஸ்பிரிங்

பெரனிஸை பயந்தாங்கொள்ளி என்று எங்கள் மலையூர் மோர்சினில் யாரும் கிண்டல் செய்வதில்லை. செய்தால் அவளே சிரித்துக்கொண்டு ஒத்துக்கொள்வாள். அப்புறம் கிண்டலில் என்ன ருசி இருக்கிறது? சிறுவயதில் மலையிறக்கச் சைக்கிள் பந்தயங்களில் பேர் வாங்கியவள். ஒரு கோடையில் பாறை மேல் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். எலும்பு கூடிவிட்டது. ஆனால் செங்குத்தான இடத்தில் முன்சக்கரம் கீழே சாய்ந்ததும் அவள் விரல்கள் தாமாகவே பிரேக்கைப் பிடித்துக்கொள்ளும், விடாது. அதோடு பந்தயத்தை விட்டு, கம்பியில் தொங்கும் நாற்காலிகள் மலையேறும் என் லிஃப்ட் நிலையத்துக்கு எதிரே பட்டறை போட்டாள். மேலே போகிறவர்களின் சைக்கிள்களை நாற்காலிகளில் மாட்டிவிடுவது என் வேலை. அவை உடைந்து திரும்பி வந்தால் சரிசெய்வது அவள் வேலை.

சைக்கிளின் பின்சக்கரக் குலுக்கலைத் தாங்கும் ஷாக் விஷயத்தில் அவளிடம் தனிப் பொறுமை உண்டு. ஓட்டுகிறவரைக் கவசம், ஹெல்மெட், முதுகுப்பை எல்லாவற்றோடும் மிதிகட்டையில் நிற்க வைப்பாள். பின் ஷாக் எவ்வளவு அமுங்குகிறது என்று டேப் வைத்து அளப்பாள். அது அமுங்கக்கூடிய மொத்தத் தூரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தால் தலையாட்டுவாள். அதற்கு மேல் போனால் ஸ்பிரிங்கையே மாற்றுவாள். சிலர் மேலே இருக்கும் வளையத்தை இறுக்கினால் போதாதா என்று கேட்பார்கள். "அதை இறுக்கினா ஸ்பிரிங் கெட்டியாகாது, வண்டி கொஞ்சம் தூக்கி நிக்கும், அவ்வளவுதான்" என்பாள்.

அந்த வருஷம் செப்டம்பர் கடைசியில், பனிமூட்டம் பள்ளத்தாக்கை விட்டு நகராமல் கிடந்தபோது, நினோன் வந்தாள். பக்கத்து ஊர்ப் பெண், ஒல்லி, பந்தயத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தவள். புது வண்டி. பெரனிஸ் அவள் எடைக்கு முந்நூற்றைம்பது என்று அச்சிட்ட ஸ்பிரிங்கைப் போட்டாள்; எண் ஏற ஏற ஸ்பிரிங் கெட்டி. அளவு கச்சிதமாக இருந்தது.

மத்தியானமே நினோன் திரும்பி வந்தாள்.

"பின்னாடி தரை தட்டுது. லார்ச் மரங்களைத் தாண்டினதும் கல்லு மாதிரி இடிக்குது."

பெரனிஸ் குனிந்து பார்த்தாள். ஷாக்கின் தண்டில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். ஷாக் எதுவரை அமுங்கியதோ அதுவரை தள்ளப்பட்டு அங்கேயே நிற்கும். அது கடைசிவரை போயிருந்தது.

"காலையில எத்தனை தட்டு சீஸும் உருளைக்கிழங்கும் போட்ட தார்த்திஃப்ளெட் அமுக்கினே?"

"ஒரு ஆப்பிள். அதுவும் பாதி."

"அப்ப மீதிப் பாதிதான் எடை போட்டிருக்கு" என்றாள் பெரனிஸ், நானூறு ஸ்பிரிங்கைத் தேடிக்கொண்டே.

நானூறு போட்டதும் மலையின் மேல்பாதியில் வண்டி நினோனை உதைத்துத் தள்ளியது. அது சரிதான், அவளுக்கு அது அதிகம். ஆனால் லார்ச் மரங்களுக்குக் கீழே மறுபடி தரை தட்டியது. பெரனிஸ் ஷாக்கைக் கழற்றி எண்ணெய் மாற்றினாள். ஸ்பிரிங்கை அழுத்துக் கருவியில் வைத்துச் சோதித்தாள். எதிலும் குறையில்லை.

"முன்சக்கர ஃபோர்க் எப்படி?" என்றாள்.

"அது ஒண்ணும் பண்ணல. பின்னாடி மட்டும்தான். யாரோ எனக்குப் பின்னாடி ஏறி உக்காந்த மாதிரி." சொல்லிவிட்டு நினோன் சிரித்தாள். பெரனிஸும், வாசலில் நின்ற நானும் சிரிக்கவில்லை என்று பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை பெரனிஸ் அந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு என் நிலையத்துக்கு வந்தாள். தன் எடைக்கு ஏற்ற ஸ்பிரிங்கை மாட்டியிருந்தாள்.

"நீயா மேல போற?" என்றேன்.

"வண்டியை உருட்டிட்டு நடந்து வரேன். ஓட்டப் போறதில்ல. மூஞ்சியை அப்படி வச்சுக்காதே, கஸ்பார்."

அன்று ஆளே இல்லை. பொறுப்பை சக ஆளிடம் விட்டுவிட்டு நானும் அடுத்த நாற்காலியில் ஏறினேன். மேலே பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. பசுக்களை எப்போதோ இறக்கிவிட்டார்கள். மணிச் சத்தமும் கிடையாது. லார்ச் மரங்களுக்கு மேலே அவள் ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டு மிதிகட்டையில் நின்றாள், நான் டேப்பில் அளந்தேன். சரியாக இருந்தது. மரங்களைத் தாண்டி ஓர் ஓடை இறங்கும் இடம் வரை நடந்தோம். அங்கே அவள் மறுபடி நின்றாள்.

அமுங்கல் இரண்டு மடங்கு.

"நீ குதிக்கிறியா?" என்றேன்.

"மூச்சுகூட விடல."

அவள் மெல்ல இறங்கி, வண்டியை ஒரு மரத்தில் சாய்த்து வைத்தாள். இரண்டு பேரும் ஸ்பிரிங்கைப் பார்த்தோம். அது எழவில்லை. ஆளில்லாத வண்டி, பின்பக்கம் பாதி அமுங்கி, சுருள்கள் நெருங்கி நின்றது. டயர் ஈர மண்ணில் அழுந்தியிருந்தது. நான் இருக்கையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன். வரவில்லை. கையில் சில்லென்று எதுவும் படவில்லை, சத்தம் இல்லை, ஒன்றுமே இல்லை. எடை மட்டும் இருந்தது.

"வா, போயிடலாம்" என்றேன். என் குரல் எனக்கே கேவலமாக இருந்தது.

பெரனிஸ் நகரவில்லை. ஃபோர்க்கைப் பார்த்தாள், பின் ஷாக்கைப் பார்த்தாள். "எல்லா எடையும் பின்னாடிதான் இருக்கு" என்றாள். "சரிவுல பயந்தவங்கதான் இப்படிப் பின்னாடி சாய்வாங்க. நானும் அப்படித்தான்."

"அதுக்கு?"

"இதுக்குக் கீழே போகணும். முடியல. வர்றவங்க வண்டியில எல்லாம் ஏறிப் பாக்குது. அவங்க போற வேகத்துல பாதியில விழுந்துடுது போல."

வண்டியை மேட்டுக்கு இழுத்தாள். சில அடிகளில் ஸ்பிரிங் விசுக்கென்று எழுந்தது. அந்தச் சத்தம் கேட்டதும் நான் உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த நாள் பட்டறையில் தூசி படிந்து கிடந்த அறுநூற்றைம்பதை எடுத்து அதே வண்டியில் மாட்டினாள். கடையில் அதைவிடத் தடித்த ஸ்பிரிங் இல்லை. வாங்க ஆள் வராமல் பல வருஷமாகக் கிடந்தது. வளையத்தைக் கை இறுக்கத்தோடு விட்டாள். அமுங்கின ஷாக் துள்ளி எழாமல் நிதானமாகத் திரும்பும்படி சிவப்புத் திருகை மூடினாள். நினோன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாருக்கு இந்த ஸ்பிரிங்?"

"எனக்கும் இன்னொருத்தருக்கும்."

"நீங்க அந்த ஓடைப் பக்கம் இறங்கிப் பல வருஷம் ஆச்சுன்னு சொன்னாங்க."

"ஆச்சு" என்றாள் பெரனிஸ். "வாய் காஞ்சு போச்சு. தண்ணி இருந்தா குடு."

நான் கீழே பாதை முடியும் மரப்பாலத்தில் காத்திருந்தேன். நடந்ததை அவள் பிறகுதான் சொன்னாள். ஓடைப் பக்கம் வண்டியில் ஏறி நின்றாளாம். வண்டி அமுங்கும் வரை காத்திருந்தாளாம். அமுங்கியது, இந்த முறை அளவோடு. "பிடிச்சுக்க, மெதுவாத்தான் போவேன்" என்று சொன்னாளாம். செங்குத்தில் முன்சக்கரம் சாய்ந்ததும் விரல்கள் வழக்கம்போல இறுகின. பின்னால் இருந்த எடை இன்னும் பின்னால் நகர்ந்ததாம். அதன் நடுக்கம் இருக்கையில் தெரிந்ததாம். அப்போதுதான் அவள் விரலை விட்டிருக்கிறாள். "எனக்குப் பின்னாடி ஒருத்தர் நடுங்கும்போது நானும் நடுங்கினா யார்தான் ஓட்டுறது?"

மூட்டத்திலிருந்து அவள் வெளிவந்ததை நான் பார்த்தேன். கனமான வண்டி, சத்தமில்லாமல், வேர்களின் மேல் வழுக்கிக்கொண்டு வந்தது. பாலத்தின் பலகைகள் இரண்டு பேர் ஏறியதுபோல வளைந்தன. கடந்ததும் நிறுத்தினாள். ஸ்பிரிங் மெல்ல, முழுதாக எழுந்தது. பலகையில் ஏதோ காலடி வைத்ததா என்று கேட்காதீர்கள். ஒரு பலகை முனகியது, அவ்வளவுதான் தெரியும்.

நினோனுக்கு முந்நூற்றைம்பதே திரும்ப வந்தது. அதற்குப் பிறகு அவளுக்குத் தரை தட்டவில்லை. பந்தயத்தில் நடுவில் எங்கோ வந்தாள். அந்தச் சரிவில் யாராவது செத்துப்போனார்களா என்று மீட்புக் குழுவில் கேட்டேன். அவர்களுக்குத் தெரிந்து யாரும் இல்லை.

பெரனிஸ் இப்போது ஞாயிறுகளில் ஓட்டுகிறாள், தனியாக. ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் யாராவது ஒருவர் வந்து, மரங்களைத் தாண்டினதும் பின்னாடி இடிக்கிறது என்கிறார்கள். அவள் ஏன் என்று கேட்பதில்லை. வண்டியை விட்டுட்டுப் போங்க, நாளைக்குத் தரேன் என்று சொல்லி, அறுநூற்றைம்பதை மாட்டிக்கொண்டு மேலே போகிறாள். போன வாரம் அவள் பின்னால் ஏறி வந்தது, அதற்கு முன் வந்ததைவிட எடை குறைவு என்றாள். குழந்தையாக இருக்கலாம் என்று நினைத்து, வண்டி துள்ளாமல் இருக்கத் திருகை இன்னும் கொஞ்சம் மூடினாளாம்.