அண்ணன் இலையில் பாட்டில் வைத்தவர்களுக்கு

எங்கள் அண்ணன் மறைந்து, வருகிற மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரின் முதல் பக்கத்தில் அவருடைய படமும் கடைசிப் பக்கத்தில் நிகழ்ச்சி விவரமும் போட்டாகிவிட்டது. நடுவில் தங்கை நாலு நல்ல வார்த்தை எழுதட்டும் என்று இடம் விட்டிருக்கிறார்கள். அண்ணனைப் பற்றி நல்ல வார்த்தை எழுதுகிறேன். சொந்தக்காரர்களாகிய உங்களைப் பற்றி வராது. பிடிக்காதவர்கள் இங்கேயே மூடி வைத்துவிடலாம்.

அண்ணன் கருவடிக்குப்பத்தில் பிறந்தார். நாங்கள் இரண்டே பிள்ளைகள். மில்லில் வேலை பார்த்த அப்பா சீக்கிரமே போய்விட்டார். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்ட அண்ணன், வண்டி கழுவினார், கிளீனராக இருந்தார், பிறகு டெம்போ ஓட்டினார். பஸ் ஸ்டாண்டிலிருந்து கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளை ஏற்றிப் போவதுதான் கடைசிவரை அவர் தொழில். என்னைப் படிக்க வைத்ததும் கட்டிக் கொடுத்ததும் அந்த டெம்போதான்.

அண்ணன் குடித்தார். நினைவு மலரில் இதையெல்லாம் எழுதுவார்களா என்று முகம் சுளிக்காதீர்கள், ஊருக்கே தெரிந்ததுதான். குடித்தால் அண்ணியை அடிப்பார். மறுநாள் காலையில் தலை குனிந்து வண்டி எடுப்பார். பதினேழு வயதில் அவருக்கு முதல் கிளாஸை ஊற்றிக் கொடுத்தது பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்கும் நம்முடைய சொல்தா பெரியப்பா. "ஆம்பளப் புள்ளடா, ஒரு வாய் குடி" என்று அவர் வீட்டு மாடியில் கொடுத்தாராம். அவரை இன்றுவரை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ஒருநாள் ரத்தமாக வாந்தி எடுத்து, தான் தினமும் ஆளேற்றிப் போகும் ஆஸ்பத்திரியிலேயே போய்ப் படுத்தார். ஈரல் பாதி கெட்டுவிட்டது, இனித் தொட்டால் ஆள் இருக்க மாட்டார் என்றார் டாக்டர். பெரியப்பா வீட்டிலிருந்து ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. தினமும் வந்தவர் ஸ்டாண்டில் கூட வண்டி ஓட்டிய ஒரு நண்பர். அவர் பௌத்தர். உடம்பு தேறியதும் ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துப் பேர் கூடும் ஒரு மாடி அறைக்கு அண்ணனை அழைத்துப் போனார். அங்கேதான் அண்ணன் பஞ்சசீலம் ஏற்றார். உயிரைக் கொல்ல மாட்டேன், திருட மாட்டேன், தவறாக நடக்க மாட்டேன், பொய்யும் கெட்ட வார்த்தையும் பேச மாட்டேன், குடிக்க மாட்டேன். அவ்வளவுதான்.

அவ்வளவுதானா! சொல்லிப் பாருங்கள், மூச்சு விடுவதற்குள் முடிந்துவிடும். அண்ணன் அதைத் தினமும் காலையில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, இன்ஜினைப் போடுவதற்கு முன்னால் வாய்விட்டுச் சொல்வார். பின்னால் இருப்பவர்கள் கத்துவார்கள். "யோவ், வண்டிய எடுய்யா, ஓ.பி. சீட்டு குடுக்கறத நிறுத்திடுவான்!" அண்ணன் முடித்துவிட்டுத்தான் சாவியைத் திருகுவார்.

அதுகூடப் பரவாயில்லை. டெம்போக்காரர் வாய் எப்படி இருக்கும்? குறுக்கே ஒரு பைக் பாய்ந்தால் அண்ணன் வாயில் பழைய வார்த்தை தானாக வந்து விழும். உடனே வண்டியை ஓரம் கட்டுவார். கையை மடியில் வைத்து ஐந்தையும் மறுபடி முதலிலிருந்து சொல்வார்.

"என்னா அண்ணாத்த, மறுபடியுமா?"

"வாய் தவறிடுச்சும்மா. ஒரே நிமிஷம், வந்துட்டேன்."

தொடக்கத்தில் ஒரு நடைக்கு நாலு தடவை நிறுத்துவார். நானே ஒருமுறை அந்த வண்டியில் உட்கார்ந்து வெட்கத்தில் முக்காடு போட்டுக்கொண்டேன். வருடம் போகப் போக நிறுத்துவது குறைந்தது. சுனாமி வந்த வருடம், கடலோரத்து ஜனங்களை ஏற்றிக்கொண்டு அந்த நெரிசலில் நாள் முழுக்க ஓட்டியும் ஒருமுறைகூட நிறுத்தவில்லை என்று அந்த நண்பர் சொன்னார்.

நீங்கள் என்ன செய்தீர்கள்? "புத்தரு வர்றாரு, பாட்டில மறைங்கடா" என்று கல்யாண வீடுகளில் சிரித்தீர்கள். குலதெய்வத்துக்கு வெட்ட ஆடு ஏற்றி வரச் சொன்னார் பெரியப்பா. "ஆட்ட ஏத்த மாட்டேன் பெரியப்பா. ஆளுங்கள ஏத்தியாறேன், எத்தன நடை வேணாலும் வர்றேன்" என்றார் அண்ணன். அதற்காக இரண்டு வருடம் அவரோடு பேச்சு வார்த்தையை நிறுத்தினீர்கள். குடித்துவிட்டு அண்ணியை அடித்த காலத்தில் ஒருநாள்கூட நீங்கள் அவரோடு பேசாமல் இருந்ததில்லை.

ஒன்பது வருடம் ஒரு சொட்டுத் தொடவில்லை. ஆனால் கெட்டுப்போன ஈரல் கெட்டதுதான். போன வருடம் வயிறு வீங்கி, மூன்று வாரத்தில் முடிந்துவிட்டது. இது பழைய சேதம் என்று டாக்டர் அண்ணியிடம் தெளிவாகச் சொன்னார். அப்போது பக்கத்தில்தான் நின்றார் பெரியப்பா. பிணத்தை வீட்டுக்குக் கொண்டு வருவதற்குள், "திருட்டுத்தனமா குடிச்சிருக்கான், அதான் போய்ட்டான்" என்று தெரு முழுக்கப் பேச்சு. இந்த மலரில் நான் எழுத ஒத்துக்கொண்டதே இதற்காகத்தான். அச்சில் சொல்கிறேன், அது பச்சைப் பொய். எங்கள் அண்ணன் குடிகாரராகச் சாகவில்லை.

அடுத்தது பதினாறாம் நாள். படையல் வேண்டாம், ஐந்து சீலத்தைச் சொல்லி எல்லாருக்கும் சாப்பாடு போட்டால் போதும் என்றார் அண்ணி. யார் கேட்டீர்கள்? படம் வைத்து, இலை போட்டு, போனவருக்குப் பிடித்ததையெல்லாம் வைக்க வேண்டும் என்றீர்கள். சோறு வந்தது, மீன் வந்தது. நடுவில் ஒரு பிராந்தி பாட்டில், மூடி திறந்து.

அதை வைக்கச் சொன்னவர் பெரியப்பா. வாங்கி வந்தது யார் தெரியுமா? என் வீட்டுக்காரர். கையில் பணம் கொடுத்து அனுப்பியது நான். "பாவம், ஒம்போது வருஷம் வாயக் கட்டிக்கிட்டு இருந்தாரு, இப்பவாவது ஆத்மா குளிரட்டும்" என்று என் வாயால் சொன்னேன். உங்களைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். கேளுங்கள். உங்களைவிட நான் கேவலம். நீங்கள் அவரைக் கேலி செய்தீர்கள், நான் அவரைத் தெரிந்துகொள்ளவே இல்லை.

அண்ணி அழவில்லை. பாட்டிலை எடுத்துப் போய்க் கொல்லைச் சாக்கடையில் கவிழ்த்தார். திரும்பி வந்து என்னிடம்தான் சொன்னார்.

"ஆசை போய்டுச்சுன்னு நெனச்சியா? தினமும் இருந்துச்சு. நேர் வழில ரெண்டு கடை இருக்குன்னு, வண்டிய விட்டுட்டு அர மைலு சுத்தி நடந்து வருவாரு. ஆசை இருந்ததாலதான் தினமும் காலைல வேணாம்னு சொன்னாரு. அவரு அத்தினி நாளு வேணாம்னு சொன்னத, வாயத் தொறக்க முடியாதப்ப கொண்டாந்து வச்சிட்டியே."



நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் முறை வைத்து உடனிருந்த டெம்போ ஸ்டாண்டு நண்பர்களுக்கும், மாடி அறையின் பத்துப் பேருக்கும், வண்டி நின்றபோதெல்லாம் திட்டிக்கொண்டாவது இறங்காமல் உட்கார்ந்திருந்த முகம் தெரியாத நோயாளிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. எங்கள் அண்ணிக்கு நன்றி சொல்ல எனக்கு அருகதை இல்லை, அதனால் வணங்குகிறேன்.

ஓராண்டு நினைவு நாளன்று இலை கிடையாது, படையல் கிடையாது. ஐந்து சீலம் சொல்வோம், பிறகு சாப்பாடு. எல்லாரும் வரலாம், பெரியப்பாவும் வரலாம். ஒன்றே ஒன்று. அன்று காலை எழுந்ததிலிருந்து படுக்கும்வரை பொய் சொல்லாமல், யாரையும் ஏசாமல், ஒரு சொட்டுக் குடிக்காமல் இருந்து பாருங்கள். ஒரே ஒரு நாள். அதற்குப் பிறகும் எங்கள் அண்ணனைப் பற்றிப் பேச உங்களுக்கு வாய் வந்தால், பேசுங்கள்.